லார்ஷ்: நிறுவனரை நீக்கினால் போதுமா?

அறிவுசார் குறைபாடு உடையவர்களோடு ஒரே வீட்டில் வாழ்வதையே ஊழியமாகக் கொண்ட இயக்கம் லார்ஷ். அரை நூற்றாண்டுக்கு மேலாக அதன் வரலாறு ஒரு மனிதரின் புகழ்மாலையாக எழுதப்பட்டது. 2020க்குப் பிறகு அதே மனிதரின் குற்றப்பத்திரிகையாகச் சுருங்கியது. இரண்டிலும் அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களைக் காணோம். அவர்களை நடுவில் வைத்து இந்த ஊழியத்தை எடைபோட வேண்டும்.

கனடாவின் தலைமை ஆளுநராக இருந்த ஜார்ஜ் வானியேயின் மகன் ழான் வானியேதான் அந்த நிறுவனர். கடற்படையில் பணியாற்றிவிட்டு, அரிஸ்டாட்டிலை ஆராய்ந்து முனைவரானவர். 1964 ஆகஸ்டில் பாரிசுக்கு வடக்கே த்ரோஸ்லி-ப்ரோய் என்ற சிற்றூரில் ஒரு வீட்டில் குடியேறினார். ஒரு காப்பகத்திலிருந்து ரஃபேல் சிமி, ஃபிலிப் சோ என்ற இருவரைத் தம்மோடு வாழ அழைத்துவந்தார். மூன்றாவதாக வந்தவரைச் சமாளிக்க இயலாமல் உடனே திருப்பி அனுப்பிவிட்டார். புகழ்மாலைகள் வேகமாகக் கடந்துபோகும் இந்தச் செய்தி முக்கியமானது. யார் வரலாம், யார் தங்கலாம் என்ற முடிவு முதல் நாளிலிருந்தே குறைபாடு இல்லாதவர் கையில் இருந்தது.

ஆனால் அங்கே பிறந்த வாழ்முறை உண்மையிலேயே புதியது. இத்தகையவர்களைப் பெரிய காப்பகங்களில் பூட்டிவைப்பதே அன்றைய ஐரோப்பாவின் வழக்கம். லார்ஷ் வீட்டில் உதவியாளரும் உதவி பெறுபவரும் ஒரே கூரையின்கீழ் உறங்கி, ஒரே மேசையில் உண்டார்கள். பிறந்தநாளும் செபமும் பட்டறை வேலையும் பொதுவாக இருந்தன. 1969இல் கனடாவில் ஓர் ஆங்கிலிக்கன் தம்பதி டேபிரேக் இல்லத்தைத் தொடங்கினர். 1970இல் பெங்களூரில் ஆஷா நிகேதன் எழுந்தது. பின்னர் கொல்கத்தாவிலும் சென்னையிலும் அதே பெயரில் இல்லங்கள் வந்தன. கத்தோலிக்க மண்ணில் முளைத்த ஊழியம் இந்தியாவில் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து வாழும் வீடாக மாறியது. மதமாற்றத்தை நோக்காகக் கொள்ளாமல் ஒரு கிறிஸ்தவப் பணி நிலைக்க முடியும் என்பதற்கு இது வலுவான சான்று.

ஹார்வர்டில் கற்பித்த ஹென்றி நௌவென் அடிகளார் 1986இல் டேபிரேக்கில் சேர்ந்தார். ஆடம் என்ற இளைஞரைக் காலையில் எழுப்பிக் குளிப்பாட்டி, உடை மாற்றி, உணவருந்தச் செய்வது அவருக்குத் தரப்பட்ட பணி. பேச இயலாத ஆடமே தமக்கு வழிகாட்டி என்று பிற்காலத்தில் எழுதினார். அந்த நன்றியை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த வகை எழுத்தில் ஓர் ஆபத்து உண்டு. குறைபாடு உடையவர் பிறருடைய ஆன்ம வளர்ச்சிக்குக் கருவியாகிவிடுகிறார். ஆடமால் நௌவென் என்ன பெற்றார் என்று நமக்குத் தெரிகிறது. ஆடமுக்கு என்ன வேண்டியிருந்தது என்பது அதே அளவுக்குத் தெரிவதில்லை. உதவியாளர்களில் பலர் ஓரிரு ஆண்டுகளில் புறப்பட்டுப் போவார்கள். ஒவ்வொரு பிரிவையும் தாங்கிக்கொண்டு அங்கேயே இருப்பவர் குறைபாடு உடையவர்தான்.

லார்ஷுக்கு வெளியே வேறொரு பாதையும் உருவாகிவந்தது. 1972இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மாற்றுத்திறனாளிகள் தாங்களே நடத்தும் தற்சார்பு வாழ்வு மையம் தொடங்கியது. எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை 2006இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு உரிமையாக்கியது. இந்த அளவுகோலில் லார்ஷ் பின்தங்குகிறது. அதே வேளையில், தம் விருப்பத்தைச் சொல்லால் தெரிவிக்க இயலாதவருக்குச் சட்டம் மட்டும் நட்பைத் தராது. நட்பைத் தந்தது லார்ஷ். உரிமையை முன்வைத்தவர்கள் அதற்கு வெளியே இருந்தார்கள்.

இனி இருண்ட பக்கம். வானியேயின் ஆன்ம குரு தோமா ஃபிலிப் என்ற டொமினிக்கன் துறவி. ஆன்ம வழிகாட்டல் என்ற பெயரில் பெண்களைப் பாலியல் ரீதியாகப் பயன்படுத்தியதற்காக 1956இல் திருப்பீடம் அவரைத் தண்டித்தது. திருப்பலி நிறைவேற்றவும் ஆன்ம வழிகாட்டவும் தடை விதித்தது. அந்தத் தண்டனை இரகசியமாகவே வைக்கப்பட்டது. லார்ஷ் தொடங்கியபோது அவர் த்ரோஸ்லியில்தான் இருந்தார். தமக்கு எதுவும் தெரியாது என்று வானியே பின்னாளில் சொன்னார். 2015இல் தோமா அடிகளார்மீதான புகார்கள் திருச்சபை விசாரணையில் உறுதியாயின. அதே ஆண்டு வானியேவுக்கு டெம்பிள்டன் பரிசு கிடைத்தது. அவர் 2019இல் இறந்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் லார்ஷ் வெளியிட்ட அறிக்கை அவர் முன்பே அறிந்திருந்தார் என்று நிறுவியது. ஆறு பெண்களிடம் அவரும் அதே முறையில் நடந்துகொண்டதையும் வெளிப்படுத்தியது. 2023 ஜனவரியில் ஆய்வுக்குழுவின் விரிவான அறிக்கை அந்த எண்ணிக்கையைக் குறைந்தது இருபத்தைந்து என்றது. லார்ஷின் தோற்றத்திலேயே, தோமா அடிகளாரின் கலைக்கப்பட்ட பழைய சீடர் குழு அவரைச் சுற்றி இரகசியமாக மீண்டும் கூடும் நோக்கம் கலந்திருந்ததையும் அது காட்டியது.

இதற்கு இரண்டு எளிய விடைகள் சொல்லப்படுகின்றன. பாதிக்கப்பட்டவர்களில் அறிவுசார் குறைபாடு உடையவர் யாரும் கண்டறியப்படவில்லை, ஆகவே பணி தூயது என்பது ஒன்று. இதை ஏற்க முடியாது. துன்புற்ற பெண்களில் அந்த வீடுகளைத் தாங்கிநின்ற உதவியாளர்களும் இருந்தார்கள். தொடக்கமே பொய், ஆகவே எல்லாம் பொய் என்பது மற்றொன்று. இதையும் ஏற்க முடியாது. அந்த இரகசியக் குழுவின் போக்கு மற்ற இல்லங்களுக்குப் பரவியதாகத் தெரியவில்லை என்று அதே ஆய்வு சொல்கிறது. பெங்களூரில் சமைத்துப் பரிமாறியவரும் உண்டவரும் அந்த இரகசியத்தால் வாழவில்லை.

லார்ஷ் தானே ஆய்வாளர்களை அமர்த்தித் தன் நிறுவனரைப் பற்றிய உண்மையை ஒளிக்காமல் வெளியிட்டது. கிறிஸ்தவ நிறுவனங்களில் இது அரிது, முழுப் பாராட்டுக்குரியது. ஆயினும் வானியேயின் படத்தைச் சுவரிலிருந்து எடுப்பதோடு இது முடிந்துவிடாது. பலவீனத்தைப் புனிதமாக்கிய அவருடைய ஆன்மீக எழுத்தை இனிப் பயிற்சி நூலாகக் கொள்ளக் கூடாது. பலவீனத்தைப் போற்றும் இடத்தில் அதிகாரம் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. கேள்வி கேட்கப்படாத ஆன்ம வழிகாட்டி எந்த இல்லத்திலும் இருக்கக் கூடாது. வீட்டில் யார் வாழ்வது, யார் உதவுவது என்று முடிவெடுக்கும் குழுவில், அங்கே வாழும் குறைபாடு உடையோர் வாக்குரிமையோடு அமர வேண்டும்.

என் தீர்ப்பு இது. லார்ஷின் பணி நிலைக்கத் தகுந்தது. அதற்குக் காரணம் வானியே எழுதியவை அல்ல. சிமியும் சோவும் அவர்களுக்குப் பின் வந்த ஆயிரக்கணக்கானவர்களும் அங்கே உண்மையாக வாழ்ந்ததுதான். ஆனால் நட்போடு உரிமையையும் சேர்க்காதவரை அது தன் கடனில் பாதியையே தீர்த்திருக்கிறது.