கெட்டிமேளத்துக்கு நடுவே இரண்டு கேமரா

ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரு போட்டோக்காரரும் ஒரு படச்சுருள்காரரும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற கதை எங்கே கிடைத்தாலும் நான் விடுவதில்லை. அப்படிச் சேர்த்தவற்றில் என் உயிருக்கு நெருக்கமானது 1945 பிப்ரவரி 23 அன்று நடந்தது. ஜப்பானின் இவோ ஜிமா தீவு, சூரிபாச்சி மலை உச்சி. அமெரிக்க வீரர்கள் ஆறு பேர் கொடியேற்றுகிறார்கள். கம்பம் என்று சொல்கிறோமே தவிர, அது கனத்த தண்ணீர்க் குழாய். அசோசியேட்டட் பிரஸ் போட்டோகிராஃபர் ஜோ ரோசென்தால் கையில் ஸ்பீட் கிராஃபிக் கேமரா. அவரை ஒட்டினாற்போல் சார்ஜென்ட் பில் ஜெனஸ்ட், 16 மி.மீ. வண்ணச் சுருள் ஓடும் கேமராவோடு நிற்கிறார். குழாய் எழும்புகிறது. ரோசென்தாலின் ஷட்டர் நொடியில் 400-இல் ஒரு பங்கு நேரம் திறந்து மூடியது. ஜெனஸ்டின் கேமராவோ கம்பம் நிமிர்ந்து கொடி விரியும் வரை ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தச் சுருளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், மெய்சிலிர்க்கும்! மொத்தமே சில நொடி வேலைதான். முதலில் குனிந்த முதுகுகள், கடைசியில் நட்டுக்குத்தாக நிற்கும் கம்பம். இரண்டுக்கும் நடுவே கண் இமைப்பதற்குள் கடந்துபோகிறது ஒரு சாய்வு. ஆறு உடம்பும் சேர்ந்து ஒரே விசையாக மாறும் இடம் அதுதான். ரோசென்தால் வியூஃபைண்டரில் கண்ணை வைக்கக்கூட நேரமில்லாமல் அதைப் பிடித்தார். அந்த ஒரு படத்துக்கு அந்த ஆண்டே புலிட்சர் பரிசு வந்தது.

ஜெனஸ்ட் அதே தீவில் சில நாட்களில் போரில் இறந்துபோனார். உடல்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் சுருள் செய்த வேலை இருக்கிறதே! ‘ஆட்களை நிறுத்தி வைத்து எடுத்த படம்’ என்று ரோசென்தால் மேல் பழி வந்தபோது, இல்லை என்று சாட்சி சொன்னது அந்தச் சுருள்தான். எழுபது ஆண்டுகள் கழித்து, படத்தில் இருப்பவர்களில் சிலருடைய பெயர்கள் தவறு என்று கண்டுபிடித்துத் திருத்தினார்கள். அந்த ஆராய்ச்சிக்கும் அது கைகொடுத்தது. போட்டோ உலகத்தின் மனத்தில் நின்றது என்றால், அந்தப் போட்டோவைக் காப்பாற்றியது சுருள்.

பெய்ஜிங்கில் 1989 ஜூன் 5 அன்று டாங்கிகளுக்கு முன்னால் தனியாக நின்ற மனிதரையும் எல்லோருக்கும் தெரியும். ஓட்டல் மாடிகளிலிருந்து சில போட்டோகிராஃபர்கள் எடுத்தார்கள், வீடியோவும் எடுத்தார்கள். போட்டோவில் அவர் அசையாத புள்ளி. வீடியோவில்தான் தெரிகிறது, டாங்கி விலகிப் போகப் பார்க்கிறது, இவரும் அந்தப் பக்கமே நகர்ந்து மறிக்கிறார், பிறகு டாங்கி மேலேயே ஏறிவிடுகிறார்! டாங்கிக்குள் இருந்தவனும் அவரை ஏற்றிக் கொல்ல மனமில்லாமல் தடுமாறினான் என்பதைப் போட்டோ சொல்லவே சொல்லாது.

போட்டோ பெரிதா வீடியோ பெரிதா என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. நான் கண்ட வித்தியாசம் ஒன்றே ஒன்று. எந்தக் கணத்தை வைத்துக்கொள்வது என்ற முடிவு போட்டோவில் அந்த இடத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது, வீடியோவில் அது எடிட்டிங் மேசைக்குத் தள்ளிப் போகிறது. கலையும் சரி, பிழைப்பும் சரி, இரண்டுக்கும் உள்ள எல்லா வேறுபாடும் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பதுதான். என் மனசு போட்டோ பக்கம். ஆனால் வீடியோவின் அருமை தெரிந்துதான் அப்படிச் சொல்கிறேன்.

நான் கும்பகோணம் வட்டாரத்தில் கல்யாண வேலை செய்பவள். இந்தக் காலத்தில் ஒரு கல்யாணத்துக்கு ட்ரெடிஷனல் போட்டோ, கேண்டிட் போட்டோ, ட்ரெடிஷனல் வீடியோ, கேண்டிட் வீடியோ என்று தனித்தனி ஆட்கள் வருகிறார்கள். ட்ரோன் பறக்கிறது. இப்போது ரீல்ஸ் எடுக்கவென்றே செல்போனோடு ஒரு தம்பி வேறு. நான் கேண்டிட் போட்டோ. எனக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்பவர் எங்கள் வீடியோ அண்ணன். வி.எச்.எஸ். கேமராவைத் தோளில் சுமந்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர்.

தாலி கட்டும் நேரத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஐயர் கையை உயர்த்தி “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்கிறார். தவில் பொரிகிறது. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட, மற்ற முடிச்சுகளுக்கு நாத்தனார் பின்னால் குனிகிறாள். அத்தனை பக்கத்திலிருந்தும் அட்சதை பறக்கிறது. பக்கவாட்டில் வெயில் விழும் பழைய மண்டபமாக அமைந்துவிட்டால் போதும், அன்றைக்கு எனக்குத் தீபாவளி! ஷட்டரை 1000-இல் ஒரு பங்குக்கு ஏற்றிவிடுவேன். அப்போது மஞ்சள் அரிசி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காற்றில் நிற்கும். மணப்பெண் நெற்றிக்கும் மாப்பிள்ளை தோளுக்கும் நடுவே, விழாத அரிசி! மனிதக் கண் பார்க்கவே முடியாத காட்சி அது.

அதே நேரம் அண்ணன் நொடிக்கு 25 ஃப்ரேம் ஓட்டுகிறார், ஷட்டர் 50-இல் ஒரு பங்கு. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால் மண்டபத்து விளக்குகள் பட்டை பட்டையாக ஓடாமலிருக்க இந்தக் கணக்குத்தான் தோது. அசைவும் கண்ணுக்கு இதமாக வழுக்கும். அவர் படத்தில் அரிசி அரிசியாக இல்லை, மஞ்சள் கோடுகளாகப் பெய்கிறது. நொடிக்கு 100 ஃப்ரேமில் எடுத்து நாலு மடங்கு மெதுவாக ஓட்டிக் காட்டுவார் பாருங்கள், அது இன்னொரு அற்புதம். ‘வீடியோவிலிருந்தே ஒரு படத்தை வெட்டி எடுத்துக்கொள்ளலாமே, போட்டோ எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கு இந்த அரிசியைத்தான் காட்டுவேன். ஃபோர்-கே வீடியோவில் ஒரு ஃப்ரேம் சுமார் 83 லட்சம் புள்ளிகள். பிரிண்டு போட அது தாராளம். ஆனால் 50-இல் ஒரு பங்கு நொடியில் கலங்கிய கையை எத்தனை லட்சம் புள்ளி வந்தாலும் தெளியவைக்க முடியாது. அசைவு அழகாக இருக்க வேண்டும் என்று அவர் வைக்கும் கணக்கும், அசைவை நிறுத்த நான் வைக்கும் கணக்கும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை.

“பாப்பா, உன் தலை ஃப்ரேம்ல வருது, கொஞ்சம் உட்காரு” என்பார் அண்ணன். உட்கார்ந்தால் எனக்குக் கிடைப்பது குழந்தைகளின் உயரம். எத்தனை நல்ல படங்கள் அந்த உயரத்திலிருந்து வந்திருக்கின்றன!

பெண் அறைக்குள் போகும் உரிமை எனக்குக் கிடைக்கும், ஆண் வீடியோக்காரர்களுக்குக் கிடைக்காது. ஜடை பின்னும் கைகள், ஊசி கடித்த உதடுகள், கண்ணாடியில் மட்டும் தெரியும் அம்மா. விளக்கும் மைக்கும், கேமரா ஆடாமல் பிடிக்கும் கிம்பலும் உள்ளே வந்துவிட்டால் அந்த அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு சின்ன கேமராவோடு சுவரோரம் நின்றால் பத்து நிமிடத்தில் என்னை மறந்துபோவார்கள். அதற்குப் பிறகுதான் என் வேலை தொடங்கும்.

ஆனால் சத்தம்! ஒலியைப் பற்றிப் பேசும்போது நான் அண்ணன் கட்சி. நலங்குப் பாட்டில் பெரியத்தை சுருதி தப்பிச் சிரித்ததும், நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கும் இடைவெளியில் யாரோ “ஐஸ்கிரீம் வந்துடுச்சா?” என்று கேட்டதும் எந்த ஆல்பத்திலும் ஒட்ட முடியாது. ஊருக்கு ஊர் வட்டாரப் பேச்சு தேய்ந்துவரும் காலத்தில், கல்யாண வீடியோக்களில் நம் பாட்டிகளின் பேச்சு அப்படியே பதிந்து கிடக்கிறது. நல்ல மைக் ஒன்றைத் தாத்தா பாட்டி உட்காரும் வரிசைப் பக்கம் வையுங்கள் என்று நான் பார்க்கும் வீடியோகிராஃபர்களிடமெல்லாம் கெஞ்சுகிறேன். பின்னணியில் சினிமாப் பாட்டைப் போட்டு அந்தப் பேச்சை மூடிவிடுவதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

இனி பிழைப்பு. முகூர்த்த நாட்கள் கொத்துக் கொத்தாக வரும். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் பூட்டிக் கிடக்கும். போட்டோக்காரருக்கு அந்த மாதங்களில் கை காய்ந்துவிடும். வீடியோக்காரருக்கு அப்போதும் எடிட்டிங் இருக்கும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகிறது. ஒரு மணி நேரம் என்பது 90,000 ஃப்ரேம். இரண்டு நாள் கல்யாணத்துக்கு இரண்டு மூன்று கேமரா என்றால் ஹார்டு டிஸ்க் செலவையே தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும். அத்தனை உதிரிப் பூவிலிருந்து நாலு நிமிட ஹைலைட்ஸைத் தொடுத்து எடுக்கும் எடிட்டர்கள் ராத்திரி கண்விழித்து வேலை செய்பவர்கள். அவர்களுக்குப் பெயரும் கிடைப்பதில்லை, பேசிய பணமும் நேரத்துக்குக் கிடைப்பதில்லை. அதைச் சொல்லாமல் இந்தத் தொழிலைக் கொண்டாட எனக்கு மனம் வராது.

கல்யாணத்துக்கு வெளியிலும் வீடியோவுக்குத்தான் கிராக்கி. பள்ளி ஆண்டு விழா, மருத்துவமனை விளம்பரம், மனை விற்பனை, யூடியூப் சமையல் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போட்டோவுக்குத் திருப்பூர் துணிக் கம்பெனிகளின் கேட்லாக், நகைக்கடை, குழந்தைப் படங்கள். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்தே வாடகை கட்டிய ஸ்டூடியோக்கள் குறைந்துவிட்டன. பணம்தான் அளவுகோல் என்றால் வீடியோவைக் கற்றுக்கொள்ளச் சொல்வேன், தயங்கமாட்டேன். இருந்தாலும் ஒன்று பார்த்திருக்கிறேன்: விருந்தாளி வந்தால் ஆல்பத்தை எடுத்து மடியில் விரிக்கிற வீடுகள் இன்னும் ஏராளம். அதே வீட்டில் வீடியோ கேசட்டைப் போட்டுப் பார்க்கக் கருவியே இல்லை. காகிதத்துக்குச் சார்ஜர் வேண்டாம்!

எங்கள் தொழிலில் போட்டோவும் வீடியோவும் ஒரே பெட்டிக்குள் வந்து சேர்ந்தது 2008-இல். அந்த ஆண்டுதான் நிக்கான் டி90, கேனான் 5டி மார்க் 2 என்ற ஸ்டில் கேமராக்கள் வீடியோவும் எடுக்கத் தொடங்கின. சினிமாவில் பார்க்கும் அந்தப் பின்னணி மங்கல் எங்கள் ஊர் மண்டபத்துக்கு வந்தது இந்த வழியாகத்தான். ரொம்ப நாள் வரைக்கும் பல ஸ்டில் கேமராக்கள் 29 நிமிடம் 59 நொடியில் தானாக வீடியோவை நிறுத்திவிடும். அரை மணி தாண்டினால் அன்றைய ஐரோப்பிய சுங்க விதிப்படி அது வீடியோ கேமரா, வரி வேறு. இரண்டு கலைக்கும் நடுவே சுங்கத்துறை போட்ட கோடு அது!

கலைஞர்கள் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டார்கள். கே.வி. ஆனந்த் பத்திரிகைகளுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர், பிறகு ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமிடம் சேர்ந்தார். 1994-இல் வந்த ‘தேன்மாவின் கொம்பத்து’ மலையாளப் படத்தின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது வாங்கினார். இயக்குநரான பின் பத்திரிகைப் போட்டோகிராஃபரையே நாயகனாக்கி ‘கோ’ எடுத்தார். 2011-இல் அதைப் பார்த்துவிட்டுக் கேமரா வாங்கக் கிளம்பிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். மறுபக்கம், சத்யஜித் ராய் படம் எடுப்பதையே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டில் எடுத்தவர் நேமாய் கோஷ். ராய் எப்படி யோசித்தார் என்பதை நான் அந்தப் படங்களில்தான் பார்த்தேன். அசையும் படத்தின் மேதையை அசையாத படம் பிடித்து வைத்திருக்கிறது!

இதற்கெல்லாம் முன்னோடி எங்கள் தஞ்சாவூரிலேயே இருக்கிறார். சினிமா பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, 1858-இல், லினியஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி பெரிய கோயிலுக்கு வந்தார். மதராஸ் மாகாண அரசின் போட்டோகிராஃபர் அவர். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டைக் காகித நெகட்டிவ்களில் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி! ஒரு பார்வையில் அதைப் பார்த்து முடிக்க முடியாது, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நடந்தபடி பார்க்க வேண்டும். படம் நகரவில்லை, பார்ப்பவர் நகர்கிறார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

இந்த ஆடியில் நானும் அண்ணனும் அந்தக் கல்வெட்டுக்குப் போகிறோம். ஸ்டாண்டு வைக்க அனுமதி வேண்டும், எழுதிக் கேட்டிருக்கிறோம். அவர் கிம்பலைப் பிடித்தபடி ஒரே நடையில் எடுப்பார். நான் அடி அடியாக நின்று, காலையில் சாய்ந்து விழும் வெயிலில் எடுப்பேன். சாய்ந்த வெயிலில்தான் வெட்டின ஆழம் நிழலாகத் தெரியும். யார் படத்தில் எழுத்து கூட்டி வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று பந்தயம், தோற்றவர் டிகிரி காபி வாங்கித் தர வேண்டும். “நீயே ஜெயிச்சுக்க பாப்பா, ஆனா கோயில் மணிச் சத்தம் எங்கிட்டதான் இருக்கும்” என்கிறார் அண்ணன். அதையும் கேட்டு வாங்கிக்கொள்வேன்.