பன்னிரண்டு கல்லும் ஒரு கிழவரும்

எங்கள் ஊரில் சீசன் என்றால் குற்றால சீசன்தான். ஆனி பிறந்து, மேற்கே மலை மறைந்து, தென்காசித் தெருவரைக்கும் சாரல் தூவத் தொடங்கினால் ‘சீசன் வந்தாச்சு’ என்பார்கள். டிவி தொடருக்கும் சீசன் என்று ஒன்று உண்டு என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். என் நினைவில் இரண்டும் ஒன்றாகவே கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு பஸ் பிடித்து வீடு வந்து, தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் டிவி முன்னால் உட்கார்வேன். சுட்டி டிவியில் ஜாக்கி சான் நாற்காலிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருப்பார்.

சுட்டி டிவி 2007-இல் வந்தது. அதில் தமிழ் பேசிய கார்ட்டூன்களில் இன்றைக்கும் நான் எடுத்துவைத்துப் பார்ப்பது ‘ஜாக்கி சான் அட்வென்ச்சர்ஸ்’ ஒன்றைத்தான். அமெரிக்காவில் 2000 முதல் 2005 வரை ஐந்து சீசனாக, 95 எபிசோடுகளாக வந்தது. ஜாக்கி அதில் புதைபொருள் ஆராய்ச்சியாளர். சான்பிரான்சிஸ்கோவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் கிழவரோடு இருக்கிறார். ஹாங்காங்கிலிருந்து ஜேட் என்ற சிறுமி வந்து சேர்கிறாள். அவளை எங்கே விட்டுவிட்டு வந்தாலும், அடுத்த காட்சியில் பின்னாலேயே நிற்பாள்.

எங்கள் ஆச்சிக்கு இந்தப் பெயர்கள் எதுவும் வாயில் நுழையாது. ஆனாலும் அடுப்படியிலிருந்து குரல் வரும்: “ஏல, இன்னைக்கு அந்தக் கல்லு யாருக்கு என்ன செஞ்சுச்சு?” நல்ல எபிசோடா இல்லையா என்பதற்கு இதைவிடச் சரியான கேள்வியை நான் இதுவரை கேட்டதில்லை.

முதல் சீசன் 13 எபிசோடுதான். அதன் கதை, சீன ராசிச் சக்கரத்தின் 12 விலங்குகள் பொறித்த, எட்டுப் பட்டை கொண்ட 12 மந்திரக் கற்களைப் பற்றியது. சேவல் கல் ஆளை அந்தரத்தில் தூக்கும். காளைக் கல் பலம் தரும். பாம்புக் கல் மறைய வைக்கும். ஒரு கல்லுக்கு ஒரு சக்தி, அதற்கு மேல் கிடையாது. இந்தக் கட்டுப்பாட்டில்தான் கதையின் உயிர் இருக்கிறது. எல்லாம் செய்யக்கூடிய மந்திரத்தை வைத்துக்கொண்டு கதை பண்ண முடியாது. ஒன்றை மட்டும் செய்யக்கூடிய மந்திரம் வந்தால்தான், அது தப்பான கையில் சிக்கினால் என்ன ஆகும், சரியான கையில் தப்பான நேரத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று மனசு ஓடத் தொடங்கும். ஆச்சி சொன்ன பஸ்மாசுரன் கதையும் இப்படித்தான். அவன் வாங்கியது ஒரே ஒரு வரம். அதை வைத்து அவன் பட்ட பாடுதான் கதை.

ஆட்டுக்கல் உயிரை உடம்பைவிட்டு வெளியே உலவவிடும். விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்தவருக்கு இது கூடு விட்டுக் கூடு பாய்தல். வெளியே போன உயிர் திரும்பிவருவதற்குள் வேறொருவன் அந்தக் கூட்டுக்குள் புகுந்தால்? அந்த எபிசோடு இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறது. அன்று ஆச்சி கரண்டியோடு வந்து வாசல்நிலையில் நின்று முழுசாகப் பார்த்தாள்.

என் மனசில் முதலிடம் புலிக்கல் எபிசோடுக்கு. புலிக்கல்லின் குணம் சமநிலை. குழந்தைகளுக்கான கார்ட்டூனில் இப்படியொரு சக்தியை எழுதத் துணிந்தவரைக் கும்பிட வேண்டும். பறப்பதைக் காட்டலாம், மறைவதைக் காட்டலாம், சமநிலையை எப்படிக் காட்டுவது? கல்லை இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். கல் பிளந்ததும் ஜாக்கியும் இரண்டாகிறார். ஒருவர் சாது, யாரையும் அடிக்க மாட்டார். மற்றவர் முரடர், எவரையும் மதிக்க மாட்டார். இருவருக்கும் ஒரே முகம், ஒரே ஆடை. ஆனால் சாதுவின் தோள் சற்றுத் தளர்ந்து இருக்கும், முரடரின் புருவம் இறங்கியே இருக்கும். இதைப் பார்த்த பிறகுதான், அதுவரை நாம் ரசித்த ஜாக்கி எதனால் ஆனவர் என்பது பிடிபடுகிறது. மனசில்லாமல் சண்டைக்குப் போவார், போனபின் விட மாட்டார். அந்தத் தயக்கத்தையும் அடியையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தால் இரண்டிலும் ஜாக்கி இல்லை. இது அத்தனையையும் 22 நிமிடத்துக்குள், ஒரு இடத்திலும் நின்று விளக்காமல் செய்திருக்கிறார்கள்.

சண்டைகளையும் தனியாகச் சொல்ல வேண்டும். ஜாக்கி சானின் ஹாங்காங் படங்களில் ஏணி, நாற்காலி, துணி என்று கையில் கிடைத்ததெல்லாம் ஆயுதமாகும். கார்ட்டூனில் எதை வேண்டுமானாலும் வரைந்துகொள்ளலாம் என்பதால் அந்த ருசி எளிதில் கெட்டுப்போயிருக்கும். இங்கே கெடவில்லை. அறையில் என்ன பொருள் எங்கே இருக்கிறது என்பதை முதலில் காட்டிவிடுகிறார்கள். பிறகு அதே பொருள்தான் உருளும், அதே கயிறுதான் அறும். ஓங்கிக் குத்தியபின் ஜாக்கி தன் கையை உதறிக்கொள்வார். வரைந்த கைக்கு வலி ஏது? ஆனால் அந்த உதறலில் எங்களுக்கெல்லாம் வலித்தது.

அடுத்தது கிழவர். இரண்டு விரலைச் சேர்த்து ஜாக்கியின் நெற்றியில் பட்டென்று வைப்பார். சொல்லவேண்டியதைச் சொல்லி அனுப்பிவிட்டு, போகிறவனை நிறுத்தி மறுபடியும் ஒன்று சொல்வார். மூலத்தில் அவர் தன்னை ‘நான்’ என்று சொல்லிக்கொள்வதில்லை, உறவுப் பெயரால்தான் சொல்லிக்கொள்வார். ஆங்கிலக் காதுக்கு அது விநோதமாகப் பட்டிருக்கும். நம் வீடுகளில் அது அன்றாடப் பேச்சு. “ஆச்சி சொன்னா கேக்கணும்லா” என்று ஆச்சியே சொல்வதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தச் சீனத்துக் கிழவர் பக்கத்து வீட்டுக்காரராகவே தெரிந்தார்.

டப்பிங் எழுதுவது லேசான வேலை இல்லை. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். படத்தில் பாத்திரம் வாய் மூடும் கணத்தில் வாக்கியமும் முடிந்தாக வேண்டும். ‘ஓடு’ என்று முதலில் கத்திவிட்டுக் காரணத்தை அப்புறம் சொல்லும் காட்சியில் தமிழ் வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டும். அப்படித் திருப்பியபின்னும் அது பேச்சாகவே ஒலிக்க வேண்டும். பெயர் தெரியாத அந்தக் குரல்காரர்கள் பலமுறை அதைச் சாதித்திருக்கிறார்கள். இரும்பும் படபடப்புமாகக் கிழவருக்குப் பேசிய குரல் இன்றும் காதில் இருக்கிறது.

எல்லா எபிசோடும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் சீசன் 39 எபிசோடுகளாக நீண்டபோது பல இடங்களில் இழுவை தெரிகிறது. நான்காம் சீசனில் ஒன்பது முகமூடிகளைத் தேடிப் போகும்போது, தேடல் இருக்கிறதே தவிர முகமூடி அணிந்தவரின் பாடு அந்த அளவுக்கு மனசில் ஒட்டவில்லை. அங்கெல்லாம் கதையைக் காப்பாற்றுவது தோரு. முதலில் வில்லன் கூட்டத்தின் மலைபோன்ற அடியாள், பிறகு கிழவரின் கடையில் மந்திரம் பயிலும் சீடன். அந்த மாற்றம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. பல எபிசோடுகளில் ஓரத்தில் நின்று நின்று நடந்தது.

குற்றாலத்தில் சித்திர சபை இருக்கிறது. நடராசர் அங்கே சிலையாக இல்லை, சுவரில் ஓவியமாக இருக்கிறார். சுற்றுச் சுவரெல்லாம் புராணக் காட்சிகள், கட்டம் கட்டமாக. சிறுவயதில் கார்ட்டூன் பார்த்த கண்ணோடு அங்கே போனபோது, ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவும் இடைவெளியில்தான் கதை நடக்கிறது என்று தோன்றியது. நல்ல எபிசோடுக்கும் நல்ல சுவரோவியத்துக்கும் இந்த ஒரு பழக்கம் பொது: எதைக் காட்டாமல் விடுவது என்று இரண்டுக்கும் தெரியும். ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தை இந்த ஊரில்தான் கழித்தார். ஒரே பாட்டைப் பலமுறை வாய்விட்டுச் சொல்லிச் சுவைப்பது அவர் வழி. அந்த வழியில்தான் நானும் ஒரே எபிசோடைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.

போன சீசனுக்கு அக்கா மகள் வந்திருந்தாள். வெளியே சாரல், பேரருவியில் வெள்ளம் என்று குளிக்க விடவில்லை. போனில் புலிக்கல் எபிசோடைப் போட்டுக் கொடுத்தேன். வாய் பேசாமல் பார்த்தாள். இரண்டு ஜாக்கியும் ஒன்றாகும் இடம் வந்தபோது நிறுத்தினாள்.

“மாமா, அடிக்காத ஜாக்கிதானே நல்லவரு? அவரை மட்டும் வச்சுக்கிட வேண்டியதுதானே?”

நான் வாயைத் திறப்பதற்குள் கல் பிளக்கும் இடத்துக்குத் திரும்பப் போய்விட்டாள்.