பேரேட்டில் நிற்கும் விரல்

மலேசியாவின் ஜார்ஜ் டவுனில் உள்ள பினாங்கு வீதியில், நகரத்தார் பலர் வரிசையாகப் பெட்டி வைத்து வட்டித்தொழில் நடத்திய நீண்ட கூடமான கிட்டங்கியில், மேலாள், அதாவது முதலாளியின் பெயரால் கொடுக்கல் வாங்கலைக் கவனித்த முகவர், கடன் கொடுப்பவராக மட்டுமன்றி, கேட்டு வந்தவரின் தொழிலுக்கு நல்ல ஆலோசகராகவும் விளங்கினார். தரையில் சப்பணமிட்டு அமர்ந்த அவர், ரப்பர்த் தோட்டமோ ஈயச் சுரங்கமோ பற்றிய பேச்சைக் குறுக்கிடாமல் முழுவதும் கேட்டுக்கொண்டு, பின்னர் சரக்கு எத்தனை நாளில் விலைபோகும், நிலுவை யாரிடம் நிற்கிறது என இரண்டொரு கேள்விகளைத் தாழ்ந்த குரலில் கேட்பதிலேயே அந்த ஆலோசனைக் கலையின் அழகு இருந்தது.

தடித்த பேரேட்டின் தாள்கள் சரசரவெனப் புரள, அடுத்தாள் எனப்பட்ட துணை முகவர் முணுமுணுத்துக் கூட்ட, சொத்தையும் கடனையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டும் ஐந்தொகையில் மேலாளின் விரல் மெல்ல இறங்கி, சந்தேகத்திற்குரிய ஒரே வரியில் நின்றுவிடும். இன்று கணினி கூட்டலைப் பிழையின்றிச் செய்யும். ஆனால் விரல் நிற்க வேண்டிய இடத்தை அறிவது வேறு திறமை. அத்திறமை கைவர, பெட்டியடிப் பையன் எனப்பட்ட எடுபிடிச் சிறுவனாகச் சேர்ந்து, மூன்றாண்டுத் தவணைகளாகக் கடல்கடந்து உழைத்து, அடுத்தாளாகித் தேறிய பின்னரே ஒருவர் மேலாளானார்.