குதிரையை விற்ற சாமுராய்

நிடோபே இனாஸோவின் 'புஷிடோ'வைக் கல்லூரி நாட்களில் வாசித்தபோது பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடு போட்டிருந்தேன். சமீபத்தில் திரும்ப எடுத்தபோது அந்தக் கோடுகளைப் பார்க்கவே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

1900இல் வெளிவந்த இந்தப் புத்தகம் ஜப்பானியர்களுக்காக எழுதப்பட்டதல்ல. மதபோதனை இல்லாத பள்ளிகளில் ஒழுக்கத்தை எப்படிக் கற்றுக்கொடுக்கிறீர்கள் என்று ஒரு பெல்ஜிய அறிஞர் கேட்டதாக நிடோபே முன்னுரையில் சொல்கிறார். அந்தக் கேள்விக்கு ஆங்கிலத்தில் தரப்பட்ட பதில்தான் புத்தகம். உங்கள் நைட்டுக்கு ஒரு வீரநெறி உண்டென்றால் எங்கள் சாமுராய்க்கும் ஒன்று உண்டு, அவ்வளவுதான் வாதம். இரண்டு லட்சியப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிட்டு ஒற்றுமையை வியப்பதில் எனக்கு இப்போது ஆர்வமில்லை. சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாமா?

மார்க் பிளாக் கேட்டார். 1939-40இல் வந்த அவருடைய 'நிலப்பிரபுத்துவச் சமூகம்' நூலில் நைட் தன் கூப்பிய கைகளைப் பிரபுவின் கைகளுக்குள் வைக்கும் சடங்கு முக்கியமானது. அது இருபக்க ஒப்பந்தம். பிரபு கடமை தவறினால் இவனும் விலகலாம். ஜப்பானில் அந்த உறவு ஒப்பந்தம் என்பதைவிட அடிபணிதல் என்கிறார் பிளாக்.

இங்கேதான் எனக்கு டகேஸாகி சுயெனகா ஞாபகம் வருகிறார். 1274இல் மங்கோலியர்கள் க்யூஷுவில் இறங்கியபோது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு முதலில் பாய்ந்தவர். குதிரை அடிபட்டது, அவருக்கும் காயம். பரிசு மட்டும் வரவில்லை. சும்மா இருந்தாரா? மறுவருடம் குதிரைகளையும் சேணங்களையும் விற்று வழிச்செலவுக்குப் பணம் திரட்டி காமகுரா வரை போய், "நான்தான் முதலில் போனேன், சாட்சி இருக்கிறது, விசாரியுங்கள்" என்று அதிகாரியின் முன் வாதாடினார். நிலமும் ஒரு குதிரையும் கிடைத்தன. நடந்ததையெல்லாம் ஓவியச் சுருளாகவும் வரையச் செய்தார். (அப்ரைசல் படிவம் நிரப்பிய எவருக்கும் இந்த மனிதரைப் பிடிக்கும்.) இவரிடம் இருப்பது கண்மூடிய விசுவாசமல்ல, பேரம். நிடோபேயின் சாமுராயைவிட ஐரோப்பிய நைட்டுக்குத்தான் இவர் நெருங்கிய சொந்தம். பிளாக்கின் கோட்டையும் கொஞ்சம் அழிக்க வேண்டியிருக்கிறது.

அடிபணிதல் பிறகு வந்தது. 1588இல் ஹிதெயோஷி விவசாயிகளிடமிருந்து வாள்களைப் பறித்தார். தொடர்ந்து சாமுராய்களில் பெரும்பாலோர் கோட்டை நகரங்களுக்குக் குடிபெயர்ந்து, கொக்குக் கணக்கில் அரிசிச் சம்பளம் வாங்குபவர்கள் ஆனார்கள். கையில் நிலம் இல்லாதவன் எதை வைத்துப் பேரம் பேசுவான்? சாவைப் போற்றும் 'ஹகாகுரே' இந்தக் காலத்துச் சரக்கு. அதைச் சொல்லிய யமமோட்டோ சுனெடோமோ ஒரு போரிலும் வாள் சுழற்றியதில்லை.

நிடோபே 1862இல் சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர். 1876இல் வாள் அணிவது தடைசெய்யப்பட்டு, பரம்பரைச் சம்பளமும் நிறுத்தப்பட்டபோது அவருக்குப் பதினாலு வயது. விசுவாசம் பற்றிய அத்தியாயத்தை இதை மனதில் வைத்து வாசித்தேன். வரலாறாக அது தேறவில்லை. வீட்டில் வாளைக் கழற்றி வைத்த ஒரு பையனின் குரலாகக் கேட்டபோது, பழைய அடிக்கோடுகளில் ஒன்றிரண்டை அழிக்க மனம் வரவில்லை.