‘இயற்கை’ என்ற லேபிளுக்குப் பின்னால்: செட்டிநாட்டு பாணி இன்டீரியர் பற்றி

வீட்டு உள்அலங்காரம் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இப்போது “இயற்கைப் பொருட்கள்” என்ற சொல் வந்துவிடுகிறது. அதற்கு உதாரணமாகத் தவறாமல் காட்டப்படுவது செட்டிநாட்டு வீடு. ஆத்தங்குடி டைல்ஸ், சுண்ணாம்புச் சுவர், தேக்குத் தூண் என்று மூன்றும் சேர்ந்துவிட்டால் வீடு இயற்கையானது, குளுமையானது, உள்ளூர்த்தன்மை கொண்டது என்கிறார்கள். எனக்கும் இந்தப் பாணி பிடிக்கும். அதனாலேயே இந்த மூன்று பாராட்டுகளில் எது நிற்கும், எது நிற்காது என்று பார்க்க ஆசை. சாஃப்ட்வேர்காரனுக்கு மேலே ஒட்டியிருக்கும் பெயரைவிட உள்ளே எதையெல்லாம் சார்ந்து ஓடுகிறது என்பதுதான் முக்கியம். அதே பழக்கம்தான் இங்கேயும்.

முதலில் தரை. ஆத்தங்குடி காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். அங்கே டைலைச் சூளையில் சுடுவதில்லை. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உலோகச் சட்டத்தை வைத்து, அதற்குள் நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கையால் ஊற்றிப் பூவும் கோலமும் வரைகிறார்கள். அதன் மேல் உலர்ந்த மணல்-சிமெண்ட் கலவை, அதற்கும் மேல் ஈரக்கலவை. பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுகிறார்கள். அந்தப் பளபளப்பு பாலிஷால் வந்ததில்லை, கண்ணாடியின் வழவழப்பு அப்படியே பதிந்தது.

அப்படியென்றால் இதில் முக்கியமான பொருள் சிமெண்ட். சிமெண்ட் ஆலையின் சூளையில் சுமார் 1,450 டிகிரி சூட்டில் வெந்து வரும் பொருள். இதை ‘இயற்கை’ என்று சொல்வது சரியில்லை. ஆனால் கைவேலை என்று தாராளமாகச் சொல்லலாம், அந்தப் பெருமையே போதும். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. இயற்கைக் கல் என்று நினைத்துச் சமையல் மேடையில் போட்டால், புளியும் எலுமிச்சையும் சிந்திய இடத்தில் சிமெண்ட் அரிக்கும். கழிவறை ஆசிட் பட்டால் கேட்கவே வேண்டாம். பொருள் என்னவென்று தெரிந்தால்தான் அதைக் காப்பாற்ற முடியும்.

அடுத்து சுவர். மூன்றில் ‘இயற்கை’ என்ற சொல்லுக்கு நெருக்கமானது சுண்ணாம்புதான். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ 900 டிகிரி அளவில் சுட்டு, தண்ணீரில் நீற்றி, பூசுகிறார்கள். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடை மெல்ல எடுத்துக்கொண்டு திரும்பவும் கல்லாகிறது. செட்டிநாட்டில் மேற்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். இந்தச் சுவருக்குள் ஈரம் வந்தாலும் ஆவியாக வெளியே போய்விடும். காரத்தன்மை இருப்பதால் பூஞ்சை எளிதில் பிடிக்காது.

இவ்வளவும் செய்துவிட்டு, நிறம் மங்காமல் இருக்கட்டும் என்று மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூச்சு விடும் சுவருக்குக் காசு கொடுத்துவிட்டு அதன் மூக்கைப் பொத்துகிற வேலை அது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் கொஞ்ச நாளில் பெயிண்டை உரித்துக்கொண்டு வரும். பழி சுண்ணாம்பின் மேல் விழும்.

குளுமை? அது தரையால் மட்டும் வந்ததில்லை. தடித்த சுவர், உயரமான கூரை, வெயிலும் மழையும் காற்றும் இறங்கும் வளவு, அடுக்கடுக்கான ஓடு என்று எல்லாம் சேர்ந்து வேலை செய்ததால் வந்தது. பத்தடி உயரத்து அபார்ட்மெண்டில், மேற்கு வெயில் நேராக அடிக்கும் ஹாலில், டைலை மட்டும் மாற்றினால் காலுக்குக் கொஞ்சம் சில்லென்று இருக்கும். ஏசி பில் அப்படியேதான் இருக்கும்.

மூன்றாவது மரம். ‘உள்ளூர்’ என்ற பாராட்டு இங்கே அடிவாங்குகிறது. அந்தத் தேக்கில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. நகரத்தார் அங்கே கொடுக்கல் வாங்கல் செய்து சம்பாதித்த பணத்தோடு வந்தது. பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது அந்த வாழ்க்கையே அறுந்துபோனது. ஆக, நாம் ‘மண்ணின் பாணி’ என்று கொண்டாடுவது அந்தக் காலத்தின் உலக வணிகம் கட்டிய வீட்டை.

இன்று அந்த மரத்துக்கு என்ன செய்கிறோம்? வசதி குறைந்தால் ‘தேக்கு ஃபினிஷ்’ லேமினேட். அது மர நிறம் அச்சடித்த காகிதமும் பிசினும். கொஞ்சம் கூடுதல் காசுக்கு, பிளைவுட் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தோல். பல பிளைவுட்களில் இருக்கும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை சூட்டிலும் ஈரத்திலும் மெல்ல வாயுவை விடும். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. குழந்தைகள் தூங்கும் அறையின் அலமாரி வாங்கும்போது மேலே என்ன மரம் என்பதற்கு முன்னால், உள்ளே என்ன பசை என்று கேட்க வேண்டும்.

வசதி இருந்தால் அசல் பழைய தேக்கே கிடைக்கும். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் கதவு, தூண், நிலை எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவை மரத்திலிருந்து நேராகக் கடைக்கு வந்தவை இல்லை. ஒவ்வொன்றும் இடிக்கப்பட்ட ஒரு வீட்டின் துண்டு. எப்படியும் விழப்போகிற வீடுதானே, புதிதாக ஒரு மரத்தை வெட்டாமல் இதைப் பயன்படுத்துவது நல்லதுதானே என்று கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது. பங்காளிகள் பல ஊர்களில், பல நாடுகளில் சிதறிக் கிடக்கும்போது அவ்வளவு பெரிய வீட்டை யார் பராமரிப்பது? ஆனால் கதவுக்கு நகரத்தில் விலை ஏற ஏற, நின்றுகொண்டிருக்கும் வீட்டைவிடப் பிரித்த வீட்டுக்கு மதிப்பு கூடுகிறது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அந்த ஊர்களின் துண்டுகள் நம் வரவேற்பறைகளில் அலங்காரமாக நிற்கின்றன.

அதனால் என் கட்சி இதுதான்: செட்டிநாட்டின் மேல் ஆசை இருந்தால் இன்று உயிரோடிருக்கும் வேலையை வாங்குங்கள். ஆத்தங்குடியில் இன்றும் டைல் ஊற்றுகிறார்கள். சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், வேலை கிடைத்தால்தான் அடுத்த தலைமுறைக்கும் அது தெரியும். பழைய கதவை வாங்கியே ஆக வேண்டும் என்றால், எந்த வீட்டிலிருந்து, ஏன் கழற்றினார்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கதவை அங்கேயே விட்டுவிட்டு வரலாம்.