ஐந்தாவது கியரும் ஒரு இரும்புக் கம்பியும்

பழைய காருக்கு ஐந்து கியர் பாக்ஸ் மாட்டும் வீடியோக்களை ஆறு மாதமாகத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே கதைதான். பழைய நாலு கியர் பாக்ஸைக் கழற்றுகிறார்கள். புதுசு உட்காரவில்லை என்று தரைத் தகட்டைக் கொஞ்சம் வெட்டுகிறார்கள். புரொபெல்லர் ஷாஃப்டைக் குறைக்கிறார்கள். கடைசிக் காட்சியில் நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரைப் போட்டுவிட்டு, "பாருங்க, என்ஜின் சத்தமே இல்ல" என்கிறார்கள். கிளட்சுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடம்.

இந்த வேலையை அளக்கும் அளவுகோலே தப்பு என்பது என் கட்சி. ஐந்தாவது கியரைப் பார்த்து மாற்றத்துக்கு மார்க் போடுகிறோம். மார்க் போட வேண்டிய இடம், பழைய வண்டியும் புது பெட்டியும் சந்திக்கிற மூட்டு. இயந்திரக் கிளட்ச் உள்ள வண்டி என்றால் அந்த மூட்டு ஒரு இரும்புக் கம்பி.

எனக்கு இதில் என்ன அக்கறை? பழவேற்காட்டில் இறால் வியாபாரம் பார்க்கும் நண்பர் ஒருவர் தாத்தா காலத்து மாரிஸ் மைனர் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வண்டி அல்ல. வாரத்தில் நாலு நாள் பொன்னேரிக்குப் போய்வரும் வண்டி. "அஞ்சு கியர் போட்டுடலாமாண்ணே?" என்று கேட்டார். நான் மெக்கானிக் இல்லை, மென்பொருள்காரன். ஆனால் பழைய அமைப்பில் புதுப் பகுதியைச் சொருகுவதுதான் இருபது வருஷமாக என் பிழைப்பு. புதுப் பகுதி பெரும்பாலும் ஒழுங்காகத்தான் ஓடும். உடைவது இரண்டுக்கும் நடுவே நாம் எழுதிய ஒட்டுதான்.

முதலில் நம் ஊர் சரித்திரத்தைப் பார்த்துவிடுவோம். இந்தியாவின் மிகப் பிரபலமான ஐந்து கியர் மாற்றத்தைச் செய்தது எந்த ஒர்க்‌ஷாப்பும் இல்லை, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே. 1950-களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த அம்பாசடர் உடலுக்குள், 1990-களின் தொடக்கத்தில் இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜினையும் ஐந்து கியர் பாக்ஸையும் இறக்கினார்கள். அதுதான் 1800 ஐ.எஸ்.இசட். சுமார் 50 குதிரைத்திறன் இருந்த வண்டி 75-க்குப் போனது. ஸ்டியரிங் தண்டில் இருந்த கியர் நெம்பு தரைக்கு இறங்கியது. முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது.

இந்த மாற்றத்தில் பாராட்ட வேண்டியது ஐந்தாவது கியரை அல்ல. என்ஜின், பெட்டி, நெம்பு, பிரேக் எல்லாவற்றையும் ஒரே கணக்காகப் பார்த்ததை. வேகம் கூடினால் நிறுத்தவும் தெரிய வேண்டும் என்ற புத்தி அதில் இருக்கிறது. அதே சமயம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2013-இல் பி.எஸ். 4 டீசலோடு ஐந்து கியர் பாக்ஸ் வைத்த என்கோர் வந்தது. 2014 மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலையில் உற்பத்தி நின்றுபோனது. ஒரு கியர் கூடுதலாக இருப்பதால் மட்டும் எந்த வண்டியும் பிழைத்துவிடாது.

"ஒரிஜினல் கெட்டுப்போச்சு" என்று பழைய கார் அன்பர்கள் யாரும் ஐ.எஸ்.இசட்.-ஐத் திட்டி நான் கேட்டதில்லை. கம்பெனி செய்தால் அது புது மாடல், கோடம்பாக்கத்து மெக்கானிக் செய்தால் கொலை. இந்த இரட்டை நியாயம் எனக்குப் புரியவில்லை. யார் செய்தார்கள் என்பதை விட்டுவிட்டு எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால்தான் விமர்சனம்.

சரி, மைனருக்கு வருவோம். நமக்கும் அந்நிய வண்டி இல்லை இது. 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் 1950-களில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கட்டியது மாரிஸ் மைனரைத்தான். நாலு கியர், அதில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியர் போட்டால் பற்கள் கரகரவென்று கத்தும். கிளட்ச் முழுக்க இயந்திரம். எண்ணெய் இல்லை, கேபிள் இல்லை. பெடலை மிதித்தால் ஒரு கம்பி இழுபடும், அது ஒரு குறுக்குத் தண்டைத் திருப்பும், அந்தத் தண்டு இன்னொரு கம்பி வழியாக முள்கரண்டி மாதிரியான நெம்பைத் தள்ளும், நெம்பு பேரிங்கைத் தள்ளும். அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் இந்த வண்டிக்கு அதிகம் மாட்டப்படுவது ஃபோர்டின் டைப் 9 பெட்டி. 1980-களின் சியரா காரில் வந்தது. அதன் விகிதங்கள் 3.65, 1.97, 1.37, 1.00, 0.82. கடைசி எண்ணைப் பாருங்கள். நாலாவது கியரில் என்ஜின் 100 சுற்று சுற்றும் வேகத்துக்கு ஐந்தாவதில் 82 சுற்று போதும். மைனரின் 1098 சி.சி. மாடலில் பின் ஆக்சில் விகிதம் 4.22. 80 கி.மீ. வேகத்தில் நாலாவது கியரில் என்ஜின் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3,050 சுற்று சுற்றும். ஐந்தாவதில் அது 2,500. வீடியோவில் சொல்லும் அமைதி இந்த 550 சுற்றுதான். பொய் இல்லை.

ஆனால் எந்த ரோட்டில்? பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஊருக்கு ஊர் வேகத்தடை, எதிரே மீன் ஏற்றிய மினி லாரி, குறுக்கே ஆடு. 80-ஐத் தொடும் இடம் அபூர்வம். 45 கி.மீ. வேகத்தில் ஐந்தாவதைப் போட்டால் என்ஜின் 1,400 சுற்றுக்கு வந்து திணறும். ஆக, என் நண்பர் அன்றாடம் போகும் வழியில் ஐந்தாவது கியர் ஒரு அலங்காரம். அவருக்கு நிஜமாகவே பயன்படப்போவது முதல் கியரின் சின்க்ரோமெஷ். மீன் மார்க்கெட் நெரிசலில் ஊர்ந்து, நின்று, மறுபடி ஊரும்போது கரகர சத்தம் இல்லாமல் முதல் கியர் விழும். இந்த நன்மையை முன்வைத்து ஒரு வீடியோ கூட நான் பார்க்கவில்லை.

அதே நெரிசலில்தான் கிளட்சை நூறு முறை மிதிக்கிறோம். இப்போது அந்தக் கம்பியின் கணக்கு. உதாரணத்துக்கு, பெடலுக்கும் பேரிங்குக்கும் நடுவே மொத்த நெம்புகோல் விகிதம் 12 என்று வைத்துக்கொள்வோம். பெடல் 120 மி.மீ. இறங்கினால் பேரிங் 10 மி.மீ. நகரும். புதுப் பெட்டியின் நெம்பு வேறு நீளம் என்பதால் இந்த விகிதம் 9 ஆகிவிட்டால்? பேரிங் 13 மி.மீ.க்கு மேல் நகரும், பெடல் மூன்றில் ஒரு பங்கு கனமாகும். விகிதம் எதிர்ப்பக்கம் போனால் பெடல் பஞ்சு மாதிரி இருக்கும், கிளட்ச் முழுசாக விடுபடாது. விடுபடாத கிளட்சோடு கியர் போட்டால் எந்த சின்க்ரோமெஷும் காப்பாற்றாது. தேய்மானத்தையும் சேருங்கள். பேரிங் முனையில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் பெடலில் 6 மி.மீ. வீண்.

இன்னொரு சிக்கல். பெடல் சேசிஸோடு நிற்கிறது, பெட்டி என்ஜினோடு சேர்ந்து ரப்பர் மேல் ஆடுகிறது. இரண்டையும் விறைப்பான கம்பி இணைக்கிறது. வண்டி கிளம்பும்போது என்ஜின் அசைந்தால் அந்த அசைவே கிளட்சைத் தள்ளும், தள்ளினால் என்ஜின் இன்னும் அசையும். கிளம்பும்போது வரும் உதறலுக்கு இது ஒரு முக்கியமான காரணம். குறுக்குத் தண்டின் இடம் மாறினால் உதறலும் மாறும். புதுப் பெட்டியை மாட்டுபவர் அந்தத் தண்டை எங்கே நிறுத்துகிறார் என்பதில்தான் அவருடைய கைவேலை தெரியும்.

இதற்குப் பயந்து பலர் கம்பியையே தூக்கிவிட்டு ஹைட்ராலிக் சிலிண்டர் வைக்கிறார்கள். எண்ணெய்க் குழாய் வளையும், ஆகவே ஆட்டம் கடத்தாது. சென்னைக்குள் ஓடும் வண்டிக்கு நல்ல தீர்வு. பழவேற்காட்டுக்கு? அங்கே உப்புக்காற்று. கம்பியும் துருப்பிடிக்கும், சிலிண்டரும் துருப்பிடிக்கும். ஆனால் கம்பியின் துரு குனிந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். கிளட்ச் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது, சிலிண்டர் உள்ளேயிருந்து அரிக்கும், ரப்பர் சீல் ஒருநாள் சொல்லாமல் கைவிடும். கம்பியின் பின் தேய்ந்தால் படகுக்கு வெல்டிங் வைப்பவரே சரிசெய்துவிடுவார். சீல் போனால் பொன்னேரிக்கோ சென்னைக்கோ ஆள் அனுப்ப வேண்டும்.

இந்த நியாயத்தை ஏரிக்கரையிலேயே பார்க்கலாம். கோட்டைக்குப்பம், வைரவன்குப்பம் பக்கம் நிற்கும் ஃபைபர் படகுகளில் நீளத் தண்டு வைத்த சிறு டீசல் என்ஜின்களைக் கவனியுங்கள். என்ஜினிலிருந்து நேராக ஒரு நீண்ட தண்டு, முனையில் புரொபெல்லர். பெரும்பாலும் கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. ஓட்டம் வேண்டாம் என்றால் தண்டைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுவார்கள். அந்தத் தூக்கல்தான் கிளட்ச். ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான், மண்மேடு வந்தாலும் அதே தூக்கல் புரொபெல்லரைக் காப்பாற்றும்.

இந்தப் படகுகளும் மாற்றப்பட்டவைதான். மரம் போய் ஃபைபர் வந்தது, 2004 சுனாமிக்குப் பிறகு அது வேகமெடுத்தது. பாயும் துடுப்பும் இருந்த இடத்துக்கு என்ஜின் வந்தது. கரையில் யாரும் இது ஒரிஜினல் படகா என்று கேட்பதில்லை. நடு ஏரியில் நின்றுபோனால் கையில் இருப்பதை வைத்துக் கரை சேரலாமா என்பதுதான் அங்கே கேள்வி. தண்டு வைத்த படகு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது. எந்த மாற்றத்துக்கும் இதைவிட நல்ல விமர்சனக் கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை.

மாற்றாமலே இருப்பதற்கும் ஒரு வழி உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்துவந்த சார்ல்ஸ் வேர், இலங்கையில் ட்யூரபிள் கார் கம்பெனி என்ற பெயரில் அந்த வண்டிக்கான பாகங்களைப் புதிதாகச் செய்ய ஏற்பாடு செய்தார். பழைய பாகமே புதிதாகக் கிடைத்தால் புதுப் பெட்டி எதற்கு என்பது வலுவான வாதம். நல்ல நிலையில் உள்ள நாலு கியர் பெட்டியோடு, ஊர்ந்து போகும்போது இரண்டாவதிலேயே சமாளிக்கத் தெரிந்தவருக்கு மாற்றமே தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதிகள், 50 வயதைத் தாண்டி அசல் வடிவில் இருக்கும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு தருகின்றன. சேசிஸ், உடல், என்ஜின் இவற்றில் மாற்றம் கூடாது என்கின்றன. கியர் பாக்ஸின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் இந்தப் பதிவில் உள்ள வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. நண்பருக்கு அது உதவாது. சாதாரணப் பதிவில் ஓட்டுபவருக்கோ, உற்பத்தியாளரின் அசல் விவரங்களை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவில் இருக்க வேண்டும். தரைத் தகட்டில் கத்தி வைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. "கியர் பாக்ஸ்தானே சார்" என்ற பேச்சு எஃப்.சி. அன்று எடுபடாது.

நண்பருக்கு நான் எழுதி அனுப்பியது இதுதான். பழைய பெட்டியைத் திறந்து பார்த்து, பற்கள் நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். போய்விட்டது என்றால் ஐந்து கியருக்கு மாறலாம், ஆனால் ஐந்தாவது கியருக்காக அல்ல, முதல் கியருக்காக. பழைய கிளட்ச் கம்பியையே பயன்படுத்தும்படி செய்த பெல் ஹவுசிங் கிடைத்தால் மட்டும். உடம்பை வெட்டாமல், நாளைக்குப் பழையதைத் திருப்பி மாட்டும்படி. பிரேக்கையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள். கழற்றும் முன் பெடலின் இறக்கத்தையும் பேரிங்கின் நகர்வையும் ஸ்கேலால் அளந்து எழுதிவையுங்கள். மாட்டுகிறவரிடம் முதல் கேள்வியாக ஐந்தாவது கியர் விகிதத்தைக் கேட்காதீர்கள், குறுக்குத் தண்டை எங்கே நிறுத்தப்போகிறீர்கள் என்று கேளுங்கள். அவர் யோசிக்காமல் "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றால், வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.