மாதவிடாய் நிறுத்தமும் தோல் மூப்பும்: ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை பற்றிய திறனாய்வு

மாதவிடாய் நின்ற பெண்களின் உடலில் குறைந்துபோகும் ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுத்து ஈடுசெய்வது ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை ஆகும். திடீரென உடல் சூடாதல், இரவு வியர்வை, பிறப்புறுப்பு வறட்சி ஆகியவற்றைத் தணிக்க இது பயன்படுகிறது. முகச் சுருக்கத்தைப் போக்கி இளமையை மீட்கும் என்ற நம்பிக்கையும் இதனுடன் ஒட்டிக்கொண்டுள்ளது. அந்த நம்பிக்கைக்குச் சான்று வலுவாக இல்லை.

நம்பிக்கையின் தோற்றம்

அமெரிக்க மகளிர் மருத்துவர் ராபர்ட் வில்சன் 1966 இல் வெளியிட்ட 'ஃபெமினைன் ஃபாரெவர்' என்ற நூல், மாதவிடாய் நிறுத்தத்தைக் குறைபாட்டு நோயாகவும் ஈஸ்ட்ரோஜனை அதன் மருந்தாகவும் காட்டியது. எல்லாப் பெண்களுக்கும் வரும் இயல்பான பருவத்தை நோயாக்கியதே இந்நூலின் அடிப்படைப் பிழை. ஈஸ்ட்ரோஜனைத் தனியாக உட்கொண்டால் கருப்பை உட்படலப் புற்றுநோய் கூடுவதை 1975 இல் வெளியான ஆய்வுகள் காட்டின. கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டோஜெனும் சேர்த்துத் தரப்படுவது அதனால்தான்.

ஆய்வுகள் காட்டுவது

ஈஸ்ட்ரோஜனுக்கும் தோலுக்கும் தொடர்பு உண்டு. மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாண்டுகளில் தோலின் கொலாஜன் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவதாகவும், பின்னர் ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு குறைவதாகவும் 1980களில் பிரின்காட் குழுவினர் கணித்தனர். சிகிச்சை பெற்றவர்களின் தோலில் கொலாஜன் கூடுதலாக இருந்தது.

அமெரிக்காவில் 3,875 பெண்களின் விவரங்களை ஆராய்ந்து 1997 இல் வெளியான கட்டுரை, ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களிடம் வறட்சியும் சுருக்கமும் குறைவு என்றது. ஆனால் இது கூர்நோக்கு ஆய்வு மட்டுமே. மருத்துவரை நாடி மாத்திரை எடுப்பவர்கள் வசதியும் உடல்நல அக்கறையும் மிகுந்தவர்களாக இருக்கக்கூடும். அவர்களின் தோல் நலத்துக்கு மாத்திரைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தபோது விளைவு மாறியது. 485 பெண்களிடம் 48 வாரங்கள் நடந்த சோதனையில் (2008), குறைந்த அளவு ஹார்மோனால் முகத்தோலில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 'கீப்ஸ்' சோதனையின் தோல் பிரிவும் (2016), நான்காண்டுச் சிகிச்சைக்குப் பின்னும் சுருக்கத்தில் வேறுபாடு காணவில்லை.

வெயிலின் பங்கு

கொலாஜன் கூடியும் சுருக்கம் குறையாததற்கு ஒரு காரணம் வெயில். மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த திருவாதவூர் போன்ற நெல்வயல் சூழ்ந்த ஊர்களில் நாற்று நடுவதும் களையெடுப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. ஐம்பதைக் கடந்த ஒரு பெண்ணின் ரவிக்கைக் கைக்குள் மறைந்த தோலையும் வெயில்பட்ட முன்கையையும் ஒப்பிட்டால் வேறுபாடு எளிதில் தெரியும். இரண்டுக்கும் வயது ஒன்றே. இரத்தத்தில் ஓடும் ஈஸ்ட்ரோஜன் அளவும் ஒன்றே. முன்கையை மூப்படையச் செய்தது புற ஊதாக் கதிர். அந்தச் சேதத்தை மாத்திரை திருப்பிவிடாது. வயல்வேலையின்போது சேலைமேல் முழுக்கைச் சட்டை போட்டுத் தலையில் துண்டு கட்டும் வழக்கம் செலவில்லாத நல்ல தோல் பாதுகாப்பு.

ஆபத்தும் பயனும்

16,608 பெண்கள் பங்கேற்ற 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' சோதனை 2002 இல் இடையில் நிறுத்தப்பட்டது. கூட்டு ஹார்மோன் எடுத்தோரில், ஆண்டுக்கு 10,000 பேருக்கு 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கும் 8 பேர் பக்கவாதத்துக்கும் ஆளாயினர்; இடுப்பெலும்பு முறிவு 5 குறைந்தது. பங்கேற்றோரின் சராசரி வயது 63 என்பதால், ஐம்பதை ஒட்டிய பெண்களுக்கு இம்முடிவை அப்படியே பொருத்துவதும் தவறு.

மதிப்பீடு

மேற்கண்ட சோதனைகள் அமெரிக்காவில் நடந்தவை. அங்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 51 வயதில். இந்தியாவில் 46–47 வயதிலேயே நின்றுவிடுகிறது. இங்குள்ள பெண்கள் இந்தத் தொல்லைகளை முன்னதாகவே சந்திக்கிறார்கள். தூக்கம் கெட்டு வியர்வையில் தவிப்பவரிடம் "வயதானால் அப்படித்தான்" என்று சொல்லி அனுப்புவது அநீதி. மருத்துவர் ஆய்ந்து தரும் ஹார்மோன் அவருக்குப் பயன் தரும். முகச் சுருக்கத்துக்காக மட்டும் அதே மாத்திரையை விழுங்குவதோ, உறுதிப்படாத அழகுக்காக உறுதிப்பட்ட ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.